எண்ணிப் பார்த்தேன், 19 பேர்

நேற்று ராத்திரி எங்கள் ஊர்ப் படவிழாவில் தலைகளை எண்ணினேன். 19. அதில் 7 பேர் ஏற்பாட்டுக் குழு.

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் அப்பா காலத்தில் திரை என்றால் வெள்ளைத்துணிதான். திடலில் இரண்டு கம்பம் நட்டு, 16 மில்லிமீட்டர் புரொஜெக்டரில் ஓட்டுவார்கள். ரீல் மாற்றும்போது கச்சான் பூத்தே, அதாவது வறுகடலை, வியாபாரம் சூடுபிடிக்குமாம். துணிக்குப் பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு எம்ஜிஆர் இடது கையால் வாள் வீசுவாராம்! அந்த நினைப்பில்தான் விழாவையே தொடங்கினோம். 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் 'ஜகாட்' என்ற தமிழ்ப் படம் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானதும் நம் பையன்களுக்குப் பித்துப் பிடித்தது. பால்மரக்காடு என்கிற ரப்பர் தோட்டம், தொழிலாளர்களின் லயத்து வரிசை வீடு என்று கைப்பேசியிலேயே குறும்படம் எடுத்துக்கொண்டு வந்து நின்றார்கள்.

அப்புறம் குழுவுக்குப் பெரிய ஆசை வந்தது. திடலை விட்டு ஏர்கண்டிஷன் மண்டபம். பொன்னாடை, வரவேற்புரை, மறுபடியும் பொன்னாடை. குறும்படங்கள் மத்தியானம் 2 மணிக்குப் போயின. வேலைக்குப் போகிறவன் எப்படி வருவான்? கூட்டம் ஏன் குறைந்தது என்று கேட்டால் யூடியூப்மேல் பழி. எனக்கு ஒப்பவில்லை, யூடியூப் இருந்தபோதுதானே திடலும் நிறைந்தது? பாதி ஊர் ஈப்போவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டது, சரி, அது உண்மை.

நேற்று மீந்த ஒரு குறும்படத்தைக் கடைசியில் போட்டார்கள். ஒரு பள்ளிக்கூடப் பெண் எடுத்தது. 11 நிமிஷம், பாட்டியின் பால்வெட்டுக் கத்தி பற்றி. முடிந்ததும் மைக்கில், "சாப்பாடு தயார்!"

யாராவது கேள்வி கேட்பார்கள் என்று அவள் மேடையோரம் நின்றுகொண்டே இருந்தாள். நான் போய், "பாட்டி வந்திருக்காங்களாம்மா?" என்றேன். பின்வரிசையைக் காட்டினாள்.