"யாரிடமும் சொல்லாதே" என்று சொன்னது திருடன் மட்டும் இல்லை

ஆன்லைனில் ஏமாந்தவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் கேட்பது எவ்வளவு போச்சு, எந்த பேங்க், திரும்பக் கிடைக்குமா என்பதைத்தான். அந்த ஆள் அதற்கப்புறம் எப்படித் தூங்குகிறார் என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் கோத்தகிரிப் பக்கம் மாட்டிக்கொண்ட சிலரை எனக்கு நேரில் தெரியும், அவர்களைப் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

பக்கத்து வீட்டு மாமா தேயிலை ஃபேக்டரியில் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வாடிய இலையைக் கையில் அள்ளிப் பார்த்தே பதம் சொல்லிவிடுவார், அப்படி ஒரு கணிப்பு. அவர் மனைவி, எனக்கு அத்தை முறை, தங்கள் மகளின் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூர் போயிருந்த நேரத்தில் அவருக்கு ஒரு வீடியோ கால் வந்தது. போலீஸ் யூனிஃபார்ம், பின்னால் ஸ்டேஷன் மாதிரி ஒரு அறை. உங்கள் ஆதாரை வைத்து மும்பையில் கணக்கு தொடங்கிப் பண மோசடி நடந்திருக்கிறது, உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம், கதவைச் சாத்துங்கள், ஜன்னல் திரையை இழுத்து விடுங்கள், யாரிடமும் சொல்லாதீர்கள், சொன்னால் மகளையும் மாப்பிள்ளையையும் கேஸில் சேர்ப்போம். ராத்திரியும் போனை கட் பண்ண விடவில்லை. மறுநாள் பேங்குக்குப் போய் செட்டில்மெண்ட் பணத்தில் பெரும்பகுதியை அவர்கள் சொன்ன கணக்குக்கு அனுப்பிவிட்டார்.

படித்தவர், விவரமானவர், எப்படி நம்பினார் என்று ஊரே கேட்டது. சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று கிடையவே கிடையாது, 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் இதைச் சொன்னார். அப்புறம் யாருக்குப் போன் போட்டாலும் மணி அடிப்பதற்கு முன்னால் எச்சரிக்கைக் குரல் வந்துகொண்டிருந்தது. அதையெல்லாம் மாமாவும் கேட்டவர்தான். ஆனால் மகள் பிரசவத்துக்கு இருக்கிற நேரத்தில் அவள் பெயரைச் சொல்லி மிரட்டி, தூங்க விடாமல், யோசிக்க ஒரு நிமிஷம்கூடக் கொடுக்காமல், வீட்டில் தனியாக இருக்கிற ஒருவரிடம் மணிக்கணக்கில் பேசிக்கொண்டே இருந்தால் தெரிந்தது எதுவும் அந்த நேரத்தில் கைக்கு வராது. பயந்த மனசு கணக்குப் போடாது, சொன்னதைச் செய்யும். எத்தனையோ பேரிடம் இதைச் செய்து பார்த்துப் பழகிய கும்பல் அது.

பணத்தைவிட அவரை அதிகமாக அறுத்தது வேறு ஒன்று. பல மாதம் கழித்து ஒரு சாயங்காலம் அவராகவே சொன்னார்: "பாத்ரூம் போறதுக்குக்கூட அவன்கிட்ட கேட்டுட்டுத்தான் போனேன் தம்பி." அதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவே இல்லை. இத்தனை வருஷம் ஃபேக்டரியில் ஆட்களை நடத்திய மனுஷன், முகம் தெரியாத எவனோ ஒருவனிடம் அனுமதி கேட்டுக்கொண்டு சொந்த வீட்டுக்குள் நடந்திருக்கிறார். இந்த அவமானத்தை எந்த எஃப்ஐஆரிலும் எழுத மாட்டார்கள்.

இப்போது போன் அடித்தால் உடம்பு ஒரு முறை தூக்கிப் போடுகிறது. மகன் நல்லது என்று நினைத்து ஸ்மார்ட்போனை வாங்கிக்கொண்டு பட்டன் போன் கொடுத்தான், பேங்க் பாஸ்புக்கையும் அவனே வைத்துக்கொண்டான். பாதுகாப்புக்காகச் செய்ததுதான், தப்பு சொல்ல மாட்டேன், ஆனால் இனி உன்னால் எதையும் முடிவு பண்ண முடியாது என்று வீடே சொன்னதாக அவர் எடுத்துக்கொண்டார். கடையில் வாங்கிய மீதிச் சில்லறையை இரண்டு தடவை எண்ணிவிட்டு அத்தையிடம் கொடுத்து மறுபடி எண்ணச் சொல்கிறார். தன் கணிப்பின் மேல் இருந்த நம்பிக்கையே போய்விட்டது.

குன்னூர்ப் பக்கம் எஸ்டேட் லைன் வீட்டில் ஒரு பெண், கல்லூரி மாணவி, லோன் ஆப்பில் ஐந்தாயிரம் ரூபாய் வாங்கினாள். திருப்பிக் கட்டிய பிறகும் இன்னும் பாக்கி என்று மிரட்டி, போனில் இருந்த எண்களை எல்லாம் உருவி, அவள் முகத்தை ஆபாசப் படத்தில் ஒட்டி அம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்பிவிட்டார்கள். கடன் ஆப்கள் தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே விதி போட்டுவிட்டது. ஆனால் இப்படி மிரட்டுகிற கும்பல்கள் எந்த விதிக்குள்ளும் வருவதில்லை. சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகள், தண்ணீர் பிடிக்கப் போனால்கூடப் பத்துப் பேர் முகத்தில் முழிக்க வேண்டும். படம் பொய் என்று எல்லோருக்கும் தெரிந்தும் அவள் வெளியே வருவதை நிறுத்திவிட்டாள், பகலிலும் கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள். அவளிடம் "நீ ஏன் லோன் வாங்கினே?" என்று கேட்டவர்களில் அவளுடைய சொந்த அத்தையும் ஒருத்தி.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். யாரிடமும் சொல்லாதே என்பதுதான் இந்தத் திருடர்கள் போடுகிற முதல் கட்டளை. பணம் போன பிறகு அந்தக் கட்டளையை விடாமல் காப்பாற்றுவது நாம். "வெளியே சொன்னா மானம் போயிடும்", "புத்தி எங்கே போச்சு", "பேராசைதான்" என்று நாம் பேசுவதைக் கேட்டுத்தான் ஏமாந்தவர் வாயை மூடிக்கொள்கிறார்.

அந்த மௌனத்துக்குப் பண விலையும் உண்டு. போன பணம் சில நிமிஷங்களில் பல கணக்குகளுக்குப் பிரிந்து போய்விடும். உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்குச் சொன்னால் அது போகிற வழியிலேயே சில கணக்குகளை முடக்க வாய்ப்பு உண்டு, முதல் சில மணி நேரம்தான் எல்லாம். மாமா நான்கு நாள் கழித்துத்தான் அத்தையிடம் சொன்னார். "என்னை என்ன நினைப்பாளோன்னு பயந்தேன்" என்றார். அதற்குள் பெரும்பகுதி எடுக்கப்பட்டுவிட்டது, கொஞ்சம்தான் முடங்கி நிற்கிறது.

இதற்கப்புறம் இரண்டாவது கும்பல் ஒன்று வரும், உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள் என்று. நம்பாதீர்கள்.

வீட்டில் யாராவது ஏமாந்திருந்தால் முதல் கேள்வியாக "எப்படி ஏமாந்தே?" வேண்டாம். "சாப்பிட்டியா, வா, சேர்ந்தே கம்ப்ளெய்ன்ட் கொடுக்கலாம்" என்று கூடப் போங்கள். ஊட்டி சைபர் கிரைம் போலீஸ் நிலையத்துக்கு அந்தப் பெண்ணுடன் அவள் சித்தப்பா போய் வந்தார், அவள் மறுபடி கல்லூரிக்குப் போக ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். ராத்திரி தூக்கம் வரவில்லை, செத்துவிடலாம் போல இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அவரைத் தனியாக விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் இருபத்து நான்கு மணி நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழில் பேசுகிறார்கள்.

இதை எழுதட்டுமா என்று மாமாவிடம் கேட்டேன். பேரைப் போடாதே, பேங்க் விஷயத்தை மட்டும் கண்டிப்பா எழுது என்றார். அன்றைக்கு கவுன்டரில் இருந்த பெண் எதற்கு இவ்வளவு பணம் என்று கேட்டிருக்கிறாள், போனில் சொல்லிக்கொடுத்தபடியே நிலம் வாங்க என்று சொல்லியிருக்கிறார், அவள் விட்டுவிட்டாள். சட்டைப் பையில் போன் ஓடிக்கொண்டிருந்தது. பேங்கில் வேலை பார்க்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், வயதான ஒருவர் பெரிய தொகையை அவசரமாக அனுப்ப வந்து கை நடுங்க நின்றால் உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்து, போனை வெளியே வைக்கச் சொல்லிவிட்டு, அப்புறம் இன்னொரு தடவை கேளுங்கள். "அப்படிக் கேட்டிருந்தா அழுதிருப்பேன் தம்பி, எல்லாத்தையும் சொல்லியிருப்பேன்" என்றார் மாமா.