ஓரத்தில் எழுதிய வினா எண்கள்

இன்று ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தமிழ்ப் பாடநூலைப் புரட்டியபோது, ஒவ்வொரு பாடத்திலும் சில வரிகளைப் பென்சிலால் அடைப்புக்குறிக்குள் வைத்து, ஓரத்தில் 'வினா 1', 'வினா 2' என்று எழுதியிருந்ததைக் கண்டேன்.

அடைப்புக்குள் இருப்பது விடை. மீதிப் பாடத்தை அவள் படித்ததற்கான தடயமே இல்லை.

வினாவில் உள்ள சொல் எந்த வரியில் வருகிறதோ அதை எடுத்தெழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும்போது, புரிந்துகொள்ள வேண்டிய தேவை எங்கிருந்து வரும்? (வினாத்தாள் அமைப்போருக்கும் இதில் பங்குண்டு.)

இதற்கு மாற்று வழி ஒன்று உண்டு. அமெரிக்காவில் பணியாற்றிய பாலின்சர், பிரவுன் என்னும் ஆய்வாளர்கள் 1984இல் விளக்கிய முறையில், மாணவர்களே முறைவைத்து ஆசிரியராகி, ஒரு பத்தியைப் படித்ததும் அதன் சாரத்தைச் சொல்லி, அதிலிருந்து வினா எழுப்பி, புரியாத இடத்தைத் தெளிவுபடுத்தி, அடுத்து என்ன வரும் என்று ஊகிக்கிறார்கள்.

இவற்றுள் வினா எழுப்புவதுதான் கடினம் என்பேன். 'யார்', 'எங்கே' என்று தொடங்கும் பிள்ளைகள் 'ஏன்' என்று கேட்க வேண்டுமானால், ஆசிரியர் முதலில் ஒரு பத்தியை வாசித்துக்கொண்டே தம் மனத்தில் எழும் ஐயங்களை உரக்கச் சொல்லிக் காட்ட வேண்டும்.

வாரம் ஒரு பத்தி, நால்வர் குழு என்று வைத்துக்கொண்டால் நாற்பது பேர் உள்ள வகுப்பிலும் இதை நடத்தலாம். இரைச்சலை மட்டும் தலைமையாசிரியர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.