டிடி51: கேட்டோவா, டோமிக்ஸா?

நேற்றிரவு சிங்கப்பூர் தோ பாயோ வீட்டுச் சாப்பாட்டு மேசையில், மாதிரி ரயில் நிறுவனங்களான கேட்டோவும் டோமிக்ஸும் செய்த ஜப்பானிய டிடி51 டீசல் எஞ்சின் மாதிரிகள் இரண்டையும் அருகருகே ஓட்டிப் பார்த்தேன். அசலுக்கு 18 மீட்டர் நீளம். 1:150 மாதிரியில் 12 சென்டிமீட்டர்தான்!

ஊர்ந்து போகும் வேகத்தில் என் கேட்டோ அவ்வளவு நிதானம். டோமிக்ஸில் கைப்பிடிக் கம்பிகளின் மெல்லிய அழகு மனதைப் பிடித்துக்கொண்டது. சில நுண்பாகங்களை நாமே பொருத்த வேண்டும், எனக்கு அதுவே ஆனந்தம்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. அசல் தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் 1067 மில்லிமீட்டர். கணக்குப்படி மாதிரியில் சுமார் 7 மில்லிமீட்டர் வர வேண்டும். இரண்டுமே 9 மில்லிமீட்டர் பாதையில் ஓடுவதால் சக்கரங்கள் சற்று அகன்றே நிற்கின்றன.

2011 ஜூன் 30, தஞ்சோங் பகார் ரயில் நிலையம் மூடிய அன்று என்னை அழைத்துப் போனவர் அப்பா. நேற்று இரண்டையும் பார்த்துவிட்டு, "கேட்டோவை இன்னொரு சுற்று விடுப்பா" என்றார்.