தூசி மேகத்துக்குள் பார்க்க எனக்கு மூன்று வாரம் ஆனது

போன ஜூலையில் எங்கள் புளோக்குக்குப் பக்கத்துப் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில் தொலைநோக்கியை வைத்து தனுசு ராசியில் எம்17 என்ற ஒளிரும் வாயு மேகத்தை (நெபுலா) தேடினேன். சிங்கப்பூரில் அது நன்றாகவே மேலே ஏறி வரும், ஆனால் தெருவிளக்கு வெளிச்சத்தில் ஒரு மங்கலான கீற்றுதான் தெரிந்தது. எனக்கு வேண்டியதோ அதற்குத் தென்மேற்கே ஒட்டிக் கிடக்கும் கருமேகம். அது எவ்வளவு இருட்டான ஊரிலும் கண்ணுக்குத் திறக்காது. சூரியனைப்போல் 8 மடங்குக்கு மேல் நிறையுள்ள நட்சத்திரம் தூசிக்குள் வாயுவை இழுத்துக்கொண்டிருக்கும்போதே ஹைட்ரஜனை எரிக்கத் தொடங்கிவிடும், அதனால் பிறப்பு முழுவதும் திரைக்குப் பின்னால்தான் நடக்கும்.

சரி, தூசியை ஊடுருவி வரும் அகச்சிவப்பு ஒளிதான் வழி. 2003-இல் ஏவப்பட்ட ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி பால்வீதித் தளத்தை எடுத்த படங்கள் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தின் இர்சா வானியல் காப்பகத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 3.6, 8, 24 மைக்ரான் அலைநீளப் படங்கள் மூன்றையும் இறக்கி, நீலம், பச்சை, சிவப்பு என்று அடுக்கினேன். முதல் படம் பாழ். சிவப்புப் புள்ளிகள் எல்லாம் தங்கள் நட்சத்திரத்தை விட்டுத் தள்ளி நின்றன. இரண்டு இரவு மண்டையை உடைத்த பிறகுதான் 24 மைக்ரான் படத்தின் பிக்சல் வானில் 1.25 விகலை (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு), மற்றவை 1.2 என்பது உறைத்தது. பைத்தானில் எல்லாவற்றையும் ஒரே கட்டத்துக்கு மாற்றியதும் பொருந்திவிட்டது. செய்பவர்கள் இதை முதலிலேயே பாருங்கள். அப்புறம், எம்17-இன் நடுப்பகுதி 24 மைக்ரானில் பிரகாசம் தாங்காமல் வெறும் ஓட்டையாக வரும். அது உங்கள் பிழை இல்லை, தொலைநோக்கியின் கருவி ஒளியால் நிறைந்துவிட்டது.

பிரகாச அளவை மடக்கைக்கு மாற்றிய நொடியில் மேகம் எழுந்து வந்தது. 8 மைக்ரானில் பின்னொளி முன்னால் மை கொட்டியதுபோல் கருப்பு. அதே இடத்தில் 24 மைக்ரானில் சிவப்புப் பொட்டுகள். ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தேன், 3.6-இல் அங்கே ஒன்றுமே இல்லை. இன்னும் போர்வைக்குள்ளேயே இருக்கும் குழந்தை.

இந்த மேகத்தை ஆராய்ந்த வானியலாளர்கள் போவிச்சும் விட்னியும் 2010-இல் எழுதியதை அதன் பிறகு படித்தேன். இங்கே நட்சத்திரங்கள் வேகமாகப் பிறந்தாலும் நிறையும் வெப்பமும் மிக அதிகமான ஓ வகை நட்சத்திரங்கள் இன்னும் வரவில்லையாம். பக்கத்து எம்17-இல் அவை ஏற்கெனவே மேகத்தைக் கிழித்துவிட்டன. ஒரே படத்தில் இரண்டும் இருக்கின்றன. அம்மாவை எழுப்பிக் காட்டினேன், அந்தப் பொட்டின்மேல் விரலை வைத்தபடி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.