பிக்கப் வண்டி உழவுக்குப் போன கதை

எங்கள் பிக்கப் பதினெட்டு வருஷம் சுமை இழுத்த வண்டி. கேபின் தரைத்தகடு துருவேறி உதிர்ந்துபோய், ஓட்டும்போது காலுக்கடியில் ரோடு ஓடுவது தெரியும். இடதுபக்கக் கதவை உள்ளேயிருந்து கயிறு போட்டுக் கட்ட வேண்டும். ஆனால் எஞ்சின் மட்டும் காலைக் குளிரிலும் ஒரே திருகலில் பிடித்துக்கொள்ளும். பழைய இரும்புக்குப் போட அப்பா பேசி முடித்திருந்தார். "எஞ்சின் நல்லாத்தானே இருக்கு, டிராக்டர் ஆக்கிடலாம்ப்பா" என்றேன். அவர் பதிலே சொல்லவில்லை. மறுநாள் விடிந்து நான் போய்ப் பார்த்தால், ஸ்பேனரோடு பின்பெட்டியின் போல்ட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்ததும் அவர்தான்.

எஞ்சினில் சக்தி இருக்கிறது, கொக்கி ஒன்று வைத்தால் கலப்பை வரும் என்பதுதான் என் கணக்கு. வராது. சக்திக்குக் குறைவில்லை, வேகம்தான் கெடுத்தது. முதல் கியரில் கியர்பாக்ஸ் சுமார் 4 மடங்கு குறைக்கிறது, பின் ஆக்சிலின் நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டியான டிஃப்ரன்ஷியல் இன்னொரு 4 மடங்கு. ஆக, எஞ்சின் 16 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. எஞ்சின் நிமிஷத்துக்கு 1500 சுற்று ஓடும்போது, 70 சென்டிமீட்டர் உயர டயர் மணிக்கு 12 கிலோமீட்டர் போகும். கொத்துக்கலப்பைக்கு அதில் பாதி வேகம்கூட அதிகம். கிளட்சை அரைகுறையாக மிதித்து மெதுவாக்கலாம் என்று தம்பி யோசனை சொன்னான். கால் மணி நேரத்தில் கிளட்ச் பிளேட் கருகி நாறியது.

அதனால் இரண்டாவது கியர்பாக்ஸ். முதல் கியர்பாக்ஸின் வாலில் இன்னொன்றைக் கோத்துவிடுவது. இது என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்க விவசாயிகள் பழைய ஃபோர்டு கார்களை அறுத்து இப்படிச் செய்துகொண்ட வண்டிகளுக்கு 'டூடுல்பக்' என்று பெயர். ஸ்வீடனில் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் டிராக்டர் தட்டுப்பாடு வந்தபோது, கார்களை இப்படி மாற்றிக்கொள்ள 1940-இல் தனி விதியே போட்டார்கள். அங்கே அதற்கு 'எபா டிராக்டர்' என்று பெயர். எபா என்பது மலிவுச் சாமான் விற்ற ஒரு கடைத்தொடர். மட்டமான டிராக்டர் என்று கிண்டலுக்கு வைத்த பெயர் நிலைத்துவிட்டது. எங்கள் வண்டிக்கும் பொருத்தமான பெயர்தான்.

கோப்பது சொல்ல சுலபம். செய்யும்போது இரண்டு இடத்தில் முழித்தோம். கியர்பாக்ஸின் முன்தண்டு தானாக நிற்காது. அதன் மூக்கு எஞ்சின் கிராங்கில் உள்ள ஒரு சின்ன பேரிங்கில் உட்கார்ந்திருக்கும். இரண்டாவது பாக்ஸுக்கு முன்னால் எஞ்சின் ஏது? 12 மில்லிமீட்டர் தகட்டில் லேத்தில் குழி கடைந்து, பேரிங் வைத்து, அந்த மூக்குக்கு ஒரு நாற்காலி செய்தோம். அடுத்து, முன்தண்டின் பற்களில் முதல் பாக்ஸிலிருந்து வரும் ஷாஃப்டை எப்படி மாட்டுவது? வெல்டர் அண்ணன் மூலையில் கிடந்த பழைய கிளட்ச் பிளேட்டை எடுத்து, சுற்றிலும் அறுத்துத் தள்ளிவிட்டு, நடுவில் இருந்த பல் வளையத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, "இத ஷாஃப்ட் ஃபிளாஞ்ச்ல வெச்சு வெல்டு அடிச்சிட்டா முடிஞ்சுது தம்பி" என்றார். தண்டில் செருகிப் பார்த்தோம். சொடக்குப் போட்ட மாதிரி உட்கார்ந்தது. இந்த ஒன்றுக்காகவே அவருக்குக் கோயில் கட்டலாம்.

சேஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, இரண்டடி குறுக்கினோம். அறுத்த இரண்டு முனையையும் நேருக்கு நேர் வைத்துப் பற்றவைக்கவில்லை. உள்ளே சேனல் கொடுத்து, போல்ட்டும் அடித்தோம். வெல்டிங்குக்கு முன்னால் பேட்டரி வயரைக் கழற்றச் சொன்னார் அண்ணன். நான் கேட்கவில்லை, ஆல்டர்னேட்டர் போயிற்று. பின்பக்க ஸ்பிரிங் பட்டைக் கட்டுகளை எடுத்துவிட்டு ஆக்சிலை நேராகச் சேஸோடு இறுக்கினோம். இழுவையில் பட்டை முறுக்கிக்கொண்டு ஆக்சில் குதிக்கும் என்பதால்தான்.

இப்போது முதல் பாக்ஸில் ஒன்று, இரண்டாவதில் இரண்டு போட்டால் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் சொச்சம். இரண்டிலும் ஒன்று போட்டால் மூன்று. நாம் நடந்தே முந்திவிடலாம். இரண்டிலும் ரிவர்ஸ் போட்டால் வண்டி முன்னால் போகும். தம்பி ஒரு சாயங்காலம் முழுக்க இதையே ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தான்.

வேகம் குறைந்தால் இழுவை கூடும். அந்த இழுவை எங்கே போய் இறங்கும் என்று நான் யோசிக்கவில்லை. இரண்டாம் நாள் இரண்டு பாக்ஸிலும் முதல் கியர் போட்டு, வலது சக்கரம் பள்ளத்தில் பதிந்து நின்றிருக்க, ஆக்சிலேட்டரை அழுத்தினேன். கல்லுடைக்கிற மாதிரி ஒரு சத்தம். எஞ்சின் ஓடுகிறது, ஷாஃப்ட் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. ஆக்சில் ஷாஃப்ட் இரண்டு துண்டு. கையில் எடுத்துப் பார்த்தால் முறிந்த முகம் கயிறு திரித்த மாதிரி முறுக்கியிருந்தது. பிக்கப் ஆக்சிலுக்கு முன்பு வந்ததைப்போல நாலு மடங்கு முறுக்கு போயிருக்கிறது, அது என்ன செய்யும் பாவம்.

ஆயில் பிரேக் உள்ள பழைய மினி லாரி ஆக்சில் ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டோம். அதன் டிஃப்ரன்ஷியலே 6 மடங்கு குறைப்பதால், டயர் பெரிதான பிறகும் உழவு வேகம் நாலு கிலோமீட்டர் சொச்சத்துக்கு இறங்கியது. அன்றிலிருந்து இரண்டு பாக்ஸிலும் சேர்த்து முதல் கியர் போடத் தடை. லீவரில் சிவப்பு டேப் சுற்றியிருக்கிறேன்.

அடுத்ததை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. பின்பெட்டி போனதால் பின்சக்கரத்தில் எடை இல்லை, ஈர மண்ணில் வழுக்கியது. அதற்காக ஆக்சிலுக்குப் பின்னால், சேஸின் வால் முனையில், 200 கிலோ இரும்பைக் கட்டினேன். கொக்கியும் அதே சேஸ் உயரத்தில், தரையிலிருந்து இரண்டடிக்கு மேல். வரப்போரம் புதைந்திருந்த வேரில் கொழு மாட்டியதும் பின்சக்கரம் நின்றது, முன்பக்கம் எழுந்தது. நிதானமாக, மாடு தலை தூக்குகிற மாதிரி. பானெட்டுக்கு மேலே வானம் மட்டும் தெரிந்தது. கால் கிளட்சில் இருந்ததால் மிதித்தேன். தொம்மென்று இறங்கியது. அப்பா ஓடி வந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு போனவர், இரண்டு நாள் தரவில்லை.

பிறகு கொக்கியை ஆக்சில் நடுமட்டத்துக்கும் கீழே, தரையிலிருந்து ஓரடிக்கு இறக்கினேன். எடையை ஆக்சிலுக்கு முன்னால் நகர்த்தினேன். பின்டயர்களில் வால்வு மட்டம் வரை, முக்கால் பங்கு, தண்ணீர் நிரப்பினேன். எடை சக்கரத்துக்குள்ளேயே இருப்பதால் முன்பக்கத்தைத் தூக்காது. வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்க, சீட்டுக்குப் பின்னால் கனமான குழாயில் ஒரு வளைவும், கூடவே சீட் பெல்ட்டும் வந்தன. இவை இரண்டையும் முதல் நாளே போட்டிருக்க வேண்டும். இப்படி ஒரு வண்டி செய்ய நினைப்பவர் வேறு எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள்.

ஒரு சக்கரம் மட்டும் சுழன்று வழுக்குவதைத் தடுக்க டிஃப்ரன்ஷியலை வெல்டிங் வைத்துவிடலாம் என்றார்கள். இரண்டு சக்கரமும் ஒன்றாகவே சுற்றும், அப்புறம் திரும்புவது எப்படி? இடது வலதுக்குத் தனித்தனி கைப்பிரேக் வைத்தேன். சுழலும் பக்கத்தை லேசாகப் பிடித்தால் சக்தி மறுபக்கம் போகிறது. படைச்சாலில் வண்டியைத் திருப்புவதற்கும் உதவுகிறது.

ரேடியேட்டர் தொல்லை இன்னும் தீரவில்லை. ரோட்டில் ஓடும்போது எதிர்க்காற்று குளிர வைக்கும், உழவில் அது கிடையாது. ஃபேனைச் சுற்றித் தகரக் கூண்டு கட்டியிருக்கிறேன். ரேடியேட்டரின் கண்களில் தூசியும் சருகும் அடைத்துக்கொள்வதால், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி எஞ்சின் பக்கமிருந்து தண்ணீர் பீய்ச்ச வேண்டும்.

ஐந்து கொத்துக் கலப்பையை இழுக்கிறது. பரம்பு அடிக்கிறது. எருவும் தண்ணீர்த் தொட்டியும் ஏற்றிய டிரெய்லரைச் சலிக்காமல் இழுக்கிறது. ஆழ உழவுக்கு ஆகாது. ஹைட்ராலிக் இல்லாததால் மூலைக்கு மூலை இறங்கி, கலப்பையை நெம்புகோலால் தூக்க வேண்டும். வேலி தாண்டி ரோட்டில் ஏற்றுவதில்லை.

கதவு இரண்டையும் கழற்றியாகிவிட்டது. கயிறு மட்டும் இருக்கிறது. அதில்தான் அப்பா தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிடுகிறார்.