தானே புயல் தந்த மேசை

ஒருவழியாக என் கம்ப்யூட்டர் மேசை தயார். படத்தில் அந்த 27 இன்ச் மானிட்டரை விடுங்கள், அதற்குக் கீழே இருக்கும் பலகையைப் பாருங்கள். பண்ருட்டிப் பலா! 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரில் கரையைக் கடந்தபோது தாத்தாவின் தோட்டத்தில் சாய்ந்த மரம். அறுத்து வைத்தது இத்தனை வருடமாகப் பரணில் கிடந்தது. மேலே கறுத்திருந்தாலும், இழைப்புளி போட்டதும் உள்ளே மஞ்சள் அப்படியே வந்தது. ஆசாரியே ஒரு நிமிடம் நிறுத்தித் தடவிப் பார்த்தார்.

உயரம் 29 இன்ச். மானிட்டரின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வருகிறது, கழுத்து வலி குறைந்திருக்கிறது.

ஜன்னலோரம் போடத்தான் ஆசை. ஆனால் தேவனாம்பட்டினத்து உப்புக் காற்று இருக்கிறதே... பழைய சிபியுவின் பின்பக்கம் முழுக்கத் துரு, பென் டிரைவைச் செருகினால் நறநறவென்று சத்தம். அதனால் இந்த முறை உள்சுவர் பக்கம் தள்ளிவிட்டேன். ராத்திரி துணி போட்டு மூடவும் செய்கிறேன்.

மேசைக்கு அடியில் மட்டும் படம் எடுக்கவில்லை. வயரெல்லாம் இடியாப்பம்.

அம்மா வந்து பார்த்துவிட்டுச் சொன்னது ஒன்றுதான்: "இதுமேல காபி டம்ளர் வெச்சே, பாரு!"