அடகுக்கு இங்கிலீஷில் என்ன, மேடம்?

கல்லூரியில் நமக்கு இங்கிலீஷ் இலக்கியம் நடத்திய மேடம் போய்விட்டார் என்ற செய்தி, நியூஜெர்சியில் நான் இருக்கும் எடிசனில் விடியற்காலை ஐந்து மணிக்கு வாட்ஸ்ஆப்பில் வந்தது. ஏழு மணிக்குள் குழுவில் வரிசையாகக் கும்பிட்ட கைகள். பழைய மாணவிகள் சங்க மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று சங்கத்தின் கிளைச் செயலாளர் கேட்க, சரி என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் யோசித்தேன், அவரோடு நான் முகம் பார்த்துப் பேசியதே மொத்தம் இரண்டு தடவை.

பெயர் எதற்கு? ‘நெக்ஸ்ட்’ மேடம் என்றால் நம் செட்டுக்குப் போதும். பதில் சரியில்லை என்றால் மூக்குக்கண்ணாடியைக்கூட நிமிர்த்தாமல் "நெக்ஸ்ட்" என்பார். எழுந்தவள் உட்கார வேண்டும், அடுத்தவள் எழ வேண்டும். மழை நாளில் ஒரு பெஞ்ச் முழுக்க இப்படி எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்து, பக்கத்து எகனாமிக்ஸ் வகுப்பு நமக்கு ‘டிரில் கிளாஸ்’ என்று பெயர் வைத்தது ஞாபகம் இருக்கலாம்.

1983-இல், மூன்றாம் ஆண்டில், நார்வேக்காரர் இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகம் பாடம். என் பிரதி மூர் மார்க்கெட்டில் இரண்டு ரூபாய்க்கு வாங்கியது. எனக்கு முன்னால் படித்த புண்ணியவதி பக்கத்துக்குப் பக்கம் ‘இம்ப்’, ‘வெரி இம்ப்’ என்று பென்சிலால் எழுதியிருந்தாள். ஹெல்மர் தன் மனைவி நோராவை அணில், வானம்பாடி என்று கொஞ்சுகிற இடங்களில் எல்லாம் ‘5 மார்க்’. 85-இல் மூர் மார்க்கெட் எரிந்துபோனது. புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

நோரா புருஷனுக்குத் தெரியாமல் மக்ரூன் தின்பாள் இல்லையா, அது என்ன பண்டம் என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை, ஹாஸ்டலில் இருந்த தூத்துக்குடிக்காரியைத் தவிர. தீபாவளி லீவு முடிந்து ஒரு டின் நிறையக் கொண்டுவந்தாள். அவர்கள் ஊரில் முந்திரியிலும் முட்டை வெள்ளையிலும் செய்வது, நோரா தின்றது பாதாம் சரக்கு. கூர் கூராக, வாயில் போட்டதும் கரைகிற அதைக் கடைசி பெஞ்சில் தின்றுகொண்டேதான் முதல் அங்கத்தை முடித்தோம்.

மூன்றாம் அங்கம் வரும்வரை எனக்கு நோராவைப் பிடித்திருந்தது. புருஷனுக்கு உடம்பு சரியில்லை, இத்தாலிக்குக் கூட்டிப்போனால்தான் பிழைப்பார் என்கிறார்கள். அவருக்குத் தெரியாமல் 4,800 குரோனர் கடன் வாங்குகிறாள், அப்பா கொடுத்த பணம் என்று பொய் சொல்கிறாள், ராத்திரியில் கதவைப் பூட்டிக்கொண்டு நகல் எழுதிச் சம்பாதித்து அடைக்கிறாள். இந்தக் கதையில் எனக்குப் புதிதாக எதுவுமே இல்லை. எங்கள் வீடு அயனாவரம். அப்பாவுக்கு ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை. என் மூன்றாம் வருட ஃபீஸுக்கு அம்மா தன் ரெட்டை வடச் சங்கிலியைச் சேட்டு கடையில் வைத்திருந்தாள். அப்பாவிடம் ஸ்காலர்ஷிப் வந்துவிட்டது என்று இரண்டு பேருமாகச் சொல்லி வைத்திருந்தோம். மத்தியானம் முழுக்கத் தெருப் பெண்களின் புடவைக்கு ஃபால்ஸ் தைத்து வட்டி கட்டுவாள். அப்பா சைக்கிள் மணி தெருமுனையில் கேட்டதும் மெஷின் மேல் பழைய போர்வை விழும்.

அன்றைக்கு மேடம் கேட்டார், நோரா செய்த குற்றம் என்ன என்று. ஃபோர்ஜரி என்றாள் ஒருத்தி, கடன் பத்திரத்தில் அப்பா கையெழுத்தை நோராவே போட்டாளே என்று. செத்துப்போன அப்பா அக்டோபர் 2-ஆம் தேதி எப்படிக் கையெழுத்துப் போடுவார் என்றாள் இன்னொருத்தி, காந்தி ஜெயந்தி லீவாச்சே என்று யாரோ பின்னாலிருந்து முணுமுணுத்தாள். என் முறை வந்தது. பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். வாக்கியத்தை மனசுக்குள் கட்டிக்கொண்டுதான் எழுந்தேன். "இட் இஸ் நாட் கிரைம் மேடம். மை மதர் ஆல்சோ..." அதற்கு மேல் சொல் கிடைக்கவில்லை. "அடகுக்கு இங்கிலீஷில் என்ன மேடம்?" என்று தமிழில் கேட்டுவிட்டேன்.

வகுப்பு குலுங்கிச் சிரித்தது. சொல் தெரியாததற்கா, அம்மா சங்கிலிக்கா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. காது மடல் சுட்டது. மேடம் நெக்ஸ்ட் சொல்லவில்லை. "பான். செஸ்ஸில் சிப்பாய்க்கும் அதே சொல்தான்" என்றார். பிறகு, மூன்று வருடத்தில் முதல் தடவையாக, தமிழில் கேட்டார்: "அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம்."

"தெரிஞ்சா என்ன சொல்வார்?"

மணி அடித்துவிட்டது.

அந்தக் கேள்விக்காக அவரை வெகுநாள் வெறுத்தேன். அன்று ராத்திரி அம்மாவிடம் அழுதுகொண்டே சொன்னேன். "ஊருக்கெல்லாம் தண்டோரா போட்டுட்டு வந்திருக்கியா" என்று அவள் கையை ஓங்கும்போது, திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா திரும்பாமலே சொன்னார்: "ரசீதை அரிசி டிரம்முக்கு அடியில வைக்காதே. போன மாசமே எலி கடிச்சிருக்கு. பீரோவில வை."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆறு மாதமாக, வெங்காயம் விலை ஏறிவிட்டதாமே என்று சொல்லி மாதாமாதம் இருபது ரூபாய் கூடக் கொடுத்துக்கொண்டிருந்தார் மனிதர். நான் உருகிப்போனேன். அம்மா உருகவில்லை. "தெரிஞ்சுக்கிட்டே தெரியாத மாதிரி இருந்தீங்களா? ராத்திரி பகலா நான் பயந்து செத்ததைப் பார்த்துக்கிட்டு?" என்றாள். இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வந்தது, தட்டு வைக்கிற சத்தம் கொஞ்சம் பலமாக. மூன்று பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிறாளே ராட்சசி என்று நோராவின் கடைசிப் பக்கத்தில் நான் எழுதி வைத்திருந்ததை அந்த இரண்டாவது நாள் ரப்பரால் அழித்தேன்.

இதை மேடத்திடம் சொல்லியிருக்க வேண்டும். பரீட்சை வந்தது. அதில் ஜெர்மன் நடிகைக்காக, நோரா வீட்டை விட்டுப் போகாத மாதிரி, இப்சன் வேண்டாவெறுப்பாக மாற்றி எழுதிக்கொடுத்த முடிவைப் பற்றிக் கேட்டிருந்தார்கள், நன்றாகவே எழுதினேன். 86-இல் கல்யாணம், மீனம்பாக்கம், இந்த ஊர். மேலே படிக்கலாம் என்று அப்பா சொன்னார், நான்தான் அவசரப்பட்டேன். இங்கே முப்பது வருடம் இன்ஷூரன்ஸ் கிளெய்ம் பார்த்தேன். இலக்கியம் படித்தவள் என்று ஆபீஸில் யாருக்கும் தெரியாது. அம்மா மீட்ட சங்கிலி கல்யாணத்தன்று என் கழுத்துக்கு வந்தது. இப்போது பேங்க் லாக்கரில் கிடக்கிறது. அம்மா போனபோது பனிப்புயலில் விமானம் இல்லை.

2019-இல் சென்னைக்குப் போனபோது நம் சந்திப்புக்கு மேடம் வந்திருந்தார், சக்கர நாற்காலியில். வரிசையில் நின்றேன். பதிலை இங்கிலீஷிலேயே தயார் செய்து வைத்திருந்தேன், இந்த முறை சொல் எல்லாம் தெரியும். கையைப் பிடித்துக்கொண்டு, எந்த வருஷம் என்று கேட்டார். சொன்னேன். "நல்லா இருக்கீங்களா மேடம்?" என்றேன். எனக்குப் பின்னால் இருந்தவள் செல்ஃபிக்காக ஃபோனைத் தூக்கிப் பிடித்து நின்றிருந்தாள். நகர்ந்துவிட்டேன்.